9,800 ரூபாய் ஜீன்ஸைச் சலவைக்குக் கொடுத்தேன்

சனிக்கிழமை மாலை பொட்டலம் வந்தது. இன்று செவ்வாய். நான்கு நாட்களாக அந்தச் சலவை நிறுவனத்தில் நான் ஒருவரிடம் பேசுகிறேனா ஒன்பது பேரிடம் பேசுகிறேனா என்றே தெரியவில்லை. எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள். போனது 9,800 ரூபாய். ஜீன்ஸை எப்படித் துவைப்பது, எப்படிப் பராமரிப்பது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆறாது.

வீட்டுக்கே வந்து துணியை எடுத்துப்போய்த் துவைத்துத் தரும் கைப்பேசிச் செயலிகள் சென்னையில் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்று. பெயர் வேண்டாம்.

ஜீன்ஸ் சாதாரணமானதல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெங்களூருவில் வாங்கியது. நெய்த பிறகு துவைக்காமல், சாயத்தை வெளிறச் செய்யாமல் அப்படியே தைத்து விற்கும் ரா டெனிம். அட்டை போல விறைப்பாக இருக்கும். நாம் உடுத்த உடுத்தத்தான் அது நம் உடம்புக்குப் பழகும். முழங்காலுக்குப் பின்னால் தேன்கூடு போல வெளிறிய கோடுகள் விழும், தொடையில் கைப்பேசியின் விளிம்பு பதியும். விலையைக் கேட்டதும் அம்மா, "இந்தக் காசுக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்திருக்கலாமேடா" என்றார். இரண்டு ஆண்டுகளில் ஆறே முறை துவைத்தேன். ஆறு முறையும் என் கையால், வாளியில், பச்சைத் தண்ணீரில்.

பிறகு ஏன் வெளியே கொடுத்தேன் என்று கேட்பீர்கள். மழை. வேளச்சேரியில் நாங்கள் இருக்கும் வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு, துணி காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். போன முறை மழைநாளில் துவைத்தபோது மூன்று நாள் காயாமல் ஊசல் வாடை அடித்தது. அந்த நேரம் பார்த்துச் செயலியில் 'டெனிம் பராமரிப்பு' என்று தனிப் பிரிவு கண்ணில் பட்டது. சாதாரணப் பேன்ட்டுக்கு 99 ரூபாய், இதற்கு 349. கூடுதலாகக் கேட்கிறார்களே, கவனமாகத்தான் செய்வார்கள் என்று நினைத்தேன். என் புத்தி.

எடுக்க வந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். ஜீன்ஸை மேசையில் விரித்து, நான்கு பைகளையும் துழாவி, சின்னப் பைக்குள் கிடந்த ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து, "சார், உங்க காசு" என்று நீட்டினான். அந்த நொடியில் விழுந்துவிட்டேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் நான்கு வரி தட்டியிருந்தேன்: உள்பக்கம் திருப்பவும், குளிர்ந்த நீர் மட்டும், பிளீச் கூடாது, உலர்த்தும் இயந்திரம் கூடாது. அவன் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "எல்லாம் சீட்டாக அடித்துத் துணியோடு போகும் சார்" என்றான். அவனுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு 9,800 ரூபாயைப் பற்றிப் பேசத்தான் வாய் வரவில்லை.

பொட்டலத்தைப் பிரித்ததும் நீச்சல்குளத்து வாடை. குளோரின். இரண்டு கால்களிலும் நடுவே கத்தி போல இஸ்திரி மடிப்பு, ஏதோ வங்கி மேலாளரின் கால்சட்டை போல! இரண்டு ஆண்டு உழைப்பில் விழுந்த தேன்கூட்டுக் கோடுகள் கலைந்து, தொடையில் மஞ்சள் பாய்ந்த திட்டுகள். இடுப்பின் பின்பக்கத் தோல் பட்டை பொரித்த அப்பளம் போலச் சுருண்டிருந்தது. போட்டுப் பார்த்தேன். கால் இரண்டு அங்குலம் ஏறிவிட்டது. பித்தானுக்கும் துளைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி.

என்ன செய்திருக்கிறார்கள் என்று துணியே சொல்கிறது. டெனிமில் நெடுக்கே ஓடும் பாவு நூலுக்குத்தான் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. அந்த நீலமும் பாவு நூலின் மேற்பரப்பில்தான் நிற்கும், நடுத்தண்டு வரை இறங்காது. உரசினால் வெளுப்பது அதனால்தான், ஜீன்ஸின் அழகே அதுதான். குளோரின் பிளீச் பட்டால் கதை வேறு. அது சாயத்தை உரசி எடுப்பதில்லை, சிதைத்துவிடுகிறது. அப்போதுதான் இந்தச் சீக்காளி மஞ்சள் வரும். சுருங்கியதற்குக் காரணம் வெந்நீரும் சூடான உலர்த்தியும். என்னுடையது ஆலையிலேயே சுருக்கி எடுக்கும் சான்ஃபரைஸ் முறைக்கு உட்படாத துணி. பச்சைத் தண்ணீரில் சுருங்காமல் மிச்சம் வைத்திருந்ததையெல்லாம் சூட்டில் ஒரே நாளில் சுருங்கித் தீர்த்துவிட்டது.

சனிக்கிழமை இரவே புகார் செய்தேன். "உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்." படம் கேட்டார்கள், அனுப்பினேன். ஞாயிறு வேறொருவர் மறுபடி படம் கேட்டார், அனுப்பினேன். அடுத்தவர், "டெனிம் என்றால் சாயம் போகத்தான் செய்யும் சார்" என்று எனக்கே பாடம் நடத்தினார். "ஏற்கெனவே வெளுத்துத்தான் இருந்தது" என்றார் இன்னொருவர். நீங்கள் வாங்கும்போது எடுத்த படத்தைக் காட்டுங்கள் என்றேன். மடித்து வைத்த நீலத் துணி ஒன்றின் மங்கலான படம் வந்தது. அது ஜீன்ஸா போர்வையா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. திங்கள் காலை பார்த்தால் புகாரின் பக்கத்தில் பச்சை நிறத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று இருக்கிறது. யாருக்குத் தீர்ந்தது?

அடம்பிடித்து மேற்பார்வையாளரைப் பிடித்தேன். அவர் வாய் தவறிச் சொன்னதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. குறிப்புக் கட்டத்தில் நாம் எழுதுவது எடுக்க வருபவரின் கைப்பேசியோடு நின்றுவிடுகிறது, துவைக்கும் இடத்துக்குப் போவதே இல்லை. அங்கே எண் ஒட்டிய துணி மட்டும்தான் போகிறது. அன்று என் ஜீன்ஸ் ஏதோ விடுதியின் துண்டுகளோடு ஒரே இயந்திரத்தில் ஓடியிருக்கிறது. இதற்குப் பெயர் டெனிம் பராமரிப்பு, கட்டணம் 349.

இழப்பீடு? நிபந்தனைகளில் எங்கோ ஒரு மூலையில், துவைப்புக் கட்டணத்தைப் போல ஐந்து மடங்குதான் தருவோம் என்று இருக்கிறதாம். 1,745 ரூபாய். அதுவும் பணமாக இல்லை, அவர்களிடமே துவைத்துக்கொள்ளக் கூப்பனாக, தொண்ணூறு நாளுக்குள். 9,800 ரூபாய்த் துணியைப் பாழாக்கியவர்களிடம் மிச்சத் துணிகளையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம்!

சரி, பராமரிப்பு. நிறைய எழுத நினைத்திருந்தேன், எரிச்சலில் பாதி மறந்துவிட்டது. ஜிப்பையும் பித்தானையும் போட்டு, உள்பக்கத்தைத் திருப்பி, பச்சைத் தண்ணீரில், கொஞ்சமாகத் திரவ சோப்பு. முதல் சில முறை தனியாகத்தான், வெள்ளைச் சட்டையோடு போட்டால் சட்டை நீலமாகிவிடும். பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். நிழலில் தொங்கவிடுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் நீலம் நிற்கும் என்பதை நம்பாதீர்கள். இழுத்தால் நீளும் வகை ஜீன்ஸ் என்றால் சூடும் குளோரினும் அதிலுள்ள எலாஸ்டேன் என்ற நீளும் இழையைக் கெடுத்துவிடும். உள்பக்கச் சீட்டில் முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் பிளீச் கூடாது என்று பொருள்.

வெளியே கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அளவு நாடாவை மேலே வைத்து நீங்களே படம் எடுங்கள். வாங்கிய ரசீதைத் தூக்கிப்போடாதீர்கள். குறிப்பைச் செயலியில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், துணியிலேயே தாளைக் குத்தி அனுப்புங்கள். பொட்டலத்தை எதிரிலேயே பிரியுங்கள்.

நேற்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 9,800-க்காகவா இவ்வளவு என்று நண்பன் கேட்கிறான். ஆமாம், 9,800-க்காகத்தான்.

ஜீன்ஸ் அந்தக் குளோரின் வாடையோடே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. கொடு, ஒருமுறை நான் அலசிப் பார்க்கிறேன் என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். அது சாட்சிப் பொருள் அம்மா என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.