சைக்கிளா, கஞ்சியா, படிப்புச் செலவா? ஜாம்பியாவின் ஒரு கிராமப் பள்ளிக்கு நாங்கள் எடுத்த முடிவு

ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவுக்கு வேலைக்கு வந்து ஏழு வருடம் ஆகப்போகிறது. 2022இல் இங்குள்ள நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு தொகை ஒதுக்குவது, அதை வைத்து கிழக்கு மாகாணத்தில் பெட்டவுக்கே ஊரைத் தாண்டி மண்சாலையில் இருக்கும் ஒரு பள்ளிக்குப் பிள்ளைகள் ஒழுங்காக வந்துபோக வழி செய்வது என்று பேசினோம். பணம் போடுவதில் யாருக்கும் தயக்கம் இல்லை. எதற்குப் போடுவது என்பதில்தான் இரண்டு மாதம் இழுபறி. ஒரு குடும்பம் பத்துப் பிள்ளைகளின் படிப்புச் செலவை முழுதாக ஏற்கலாம் என்றது. இன்னொரு குடும்பம் காலையில் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றலாம் என்றது. நானும் என் மனைவியும் சைக்கிள் பக்கம். கடைசியில் சைக்கிள்தான் வாங்கினோம். மூன்று வருடம் கழித்தும் அதுதான் சரி என்று நினைக்கிறேன், ஆனால் அன்று சொன்ன காரணத்துக்காக இல்லை.

முதலில் படிப்புச் செலவு. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அதே வருடம் இங்கே அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஆரம்பப் பள்ளிக் கட்டணம் 2002லேயே போய்விட்டது. அதனால் ஃபீஸ் கட்டுவது என்ற பேச்சில் பாதி அப்போதே அடிபட்டுப் போனது. ஆனால் சீருடை, ஷூ, நோட்டு, சோப்பு எல்லாம் இன்னும் வீட்டுச் செலவுதான். மேல்நிலைப் பள்ளி தூரத்தில் இருந்தால் விடுதிச் செலவும் சேரும், அதுதான் பெரிய தொகை. கென்யாவில் புசியா பக்கம் சீருடை வாங்கிக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்கள் நன்றாகவே குறைந்திருக்கின்றன. அதே பிள்ளைகளைப் பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, முடித்த வகுப்பில் வித்தியாசம் தெரியவில்லை. மாதாமாதம் பணம் கொடுத்து ஒரு குழந்தையைப் பொறுப்பெடுக்கும் திட்டங்களிலும் நல்ல பலன் உண்டு. ஆறு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில் அப்படி உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஒரு வருடத்துக்கு மேல் கூடுதலாகப் படித்திருக்கிறார்கள். காம்ஃபெட் 1993இல் ஜிம்பாப்வேயில் 32 பெண்களுக்குப் படிப்புச் செலவு கொடுத்து ஆரம்பித்த அமைப்பு, அந்த 32 பேரில் ஒருவரான ஆஞ்சலின் முரிமிர்வாதான் இன்று அதன் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். ஆகவே இது வேலை செய்யாத வழி என்று சொல்லவே மாட்டேன். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டிய மேல்நிலை வகுப்புப் பெண் என்றால் இதைத் தவிர வேறு வழியே கிடையாது. ஆனால் ஒரு குழந்தையை ஏற்றால் ஐந்து, ஆறு வருடம் விடாமல் ஏற்க வேண்டும். எங்களில் யாருடைய வேலை ஒப்பந்தமும் இரண்டு வருடத்துக்கு மேல் கிடையாது. பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு பதினோராவது பிள்ளையின் அம்மாவிடம் என்ன சொல்வது என்ற கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை.

கஞ்சியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சத்துணவு சாப்பிட்டுப் படித்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். மேரிஸ் மீல்ஸ் என்ற தொண்டு அமைப்பு 2002இல் பக்கத்து நாடான மலாவியில் 200 பிள்ளைகளோடு தொடங்கி இன்று பல நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறது, எங்கள் கிழக்கு மாகாணத்திலும் பல பள்ளிகளில் போடுகிறது. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவுக் கஞ்சி, ஊர்த் தாய்மார்களே முறைவைத்துக் காய்ச்சுகிறார்கள். ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு ஆகும் செலவு 20 பவுண்டுக்கும் சற்றுக் குறைவு என்று 2024இல் கணக்குச் சொன்னார்கள். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் சைக்கிள் இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது, அதை இப்போதே ஒத்துக்கொள்கிறேன்.

பூச்சி மாத்திரை கொடுக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். 1998இல் அதே புசியாவில் 75 பள்ளிகளை வைத்துத் தொடங்கிய பூச்சி மாத்திரை ஆய்வில் வராத நாட்கள் கால்வாசி குறைந்தது உண்மைதான். ஆனால் அது சுகாதாரத் துறை ஒரு மாவட்டம் முழுக்கச் செய்தால் பலன் தரும் வேலை, நாலு குடும்பம் ஒரு பள்ளியில் செய்வதில்லை.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன்.

அந்தப் பள்ளியில் நாங்கள் முதலில் பார்த்தது தூரத்தைத்தான். வகுப்பு ஏழு மணிக்கு. ஏழாம் வகுப்பில் ஒரு பெண், வீடு எட்டு கிலோமீட்டர் தள்ளி. விடிவதற்கு முன்பே, ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்துவந்து, பள்ளிக் கிணற்றடியில் காலைக் கழுவிவிட்டு ஷூ போட்டுக்கொள்வாள், ஒரு ஜோடி இரண்டு வருடம் வர வேண்டும் என்பதற்காக. அவளுக்குச் சீருடை இருந்தது, ஃபீஸ் கிடையாது. இருந்தும் வாரத்தில் ஒரு நாளாவது வர மாட்டாள். வந்தாலும் முதல் பாடம் போயிருக்கும்.

சைக்கிள் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஜாம்பியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தெற்கு மாகாணத்தில் நூறு பள்ளிகள், பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வீடுள்ள 5, 6, 7ஆம் வகுப்புப் பெண்கள். போகிற நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வராத நாட்கள் கால்வாசிக்கும் மேல் குறைந்தன, தாமதமாக வருவது மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. சைக்கிள்களைக் கொடுத்தது வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப். அந்த அமைப்பு பிறந்ததே இலங்கையில்தான், சுனாமிக்குப் பிறகு 2005இல் தொடங்கி அங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள் கொடுத்துவிட்டு அடுத்து ஆப்பிரிக்கா வந்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு உற்சாகத்தில் நாங்கள் செய்த முதல் காரியம் தப்பு. லுசாகாவில் ஒரு கடையில் விலை குறைவாகக் கிடைத்தது என்று கியர் வைத்த, பார்க்க மினுமினுவென்று இருந்த எட்டு சைக்கிள் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தோம். ஒரு டெர்ம் முடிந்து போய்ப் பார்த்தால் எட்டில் மூன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் போட்டு உடைத்துவிட்டார்கள் என்று சொல்லவே முடியாது. அந்த ஊரில் சைக்கிள் என்றால் அது வண்டி. 25 கிலோ மக்காச்சோள மாவு மூட்டை வரும், மாவு மில்லுக்குச் சோளம் போகும், காய்ச்சல் வந்தால் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேரியரில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி போவாள். மெல்லிசுக் கம்பி தாங்குமா? போக்ஸ் கம்பி வரிசையாக அறுந்து வீல் பெண்டாகிவிட்டது. ஒரு சைக்கிளில் கியர் பகுதி புதரில் மாட்டி வளைந்து செயினையே இழுத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல் முள். வேல முள் குத்தாத நாள் கிடையாது, பஞ்சர் ஒட்ட ஆளும் இல்லை, காற்றடிக்கப் பம்பும் இல்லை. அந்த எட்டு கிலோமீட்டர் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். உள்ளே சுவரோரம் சாத்திவைத்து, மேலே அவள் அம்மா இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சிடெங்கே துணியைப் போர்த்தி வைத்திருந்தாள். துணியை எடுத்துக் காட்டினாள். ஹேண்டில்பார் துடைத்துப் பளபளவென்று இருந்தது, டயர் இரண்டும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. பழையபடி நடந்துதான் போய்க்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நாங்கள் பேசியிருக்க வேண்டியது பராமரிப்பைப் பற்றி. எதைக் கொடுத்தாலும் மறுநாள் காலையில் அது ஓடுவதற்கு யார், எந்தப் பணத்தில், எந்தக் கையால் வேலை செய்யப்போகிறார்கள் என்பதைக் கேட்காமலே இரண்டு மாதம் சண்டை போட்டிருக்கிறோம்.

2023இல், வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் கொடுக்கும் பஃபலோ சைக்கிளுக்கு மாறினோம். ஒன்று 150 டாலருக்கு மேல், முதலில் வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அதனால் எண்ணிக்கையைக் குறைத்து இரண்டு தவணையில் பதினான்கு வாங்கினோம். எடை 23 கிலோ, தூக்கிப் பார்த்தால் கை வலிக்கும். கியர் கிடையாது, பிரேக் ஒயர் கிடையாது, பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும். கேரியர் 100 கிலோ தாங்கும். பதினான்கு சைக்கிளுக்கும் ஒரே டயர், ஒரே டியூப், ஒரே செயின் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம், பள்ளி அலமாரியில் ஒரு பெட்டி உதிரிப்பாகம் இருந்தால் போதும்.

அதைவிட முக்கியம், சைக்கிள் வாங்குவதற்கு முன்பே ஆளைப் பிடித்தோம். சந்தை கூடும் இடத்தில் மாமரத்தடியில் ஒருவர் பழைய சைக்கிள்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவரிடம் இருந்தது ஒரு ஸ்பேனர், ஒரு இடுக்கி, பழைய டியூப்பை வெட்டி எடுத்த ஒட்டுத் துண்டுகள். அவருக்கு ஸ்பேனர் செட், போக்ஸ் சாவி, நல்ல பம்பு, பஞ்சர் சொல்யூஷன் எல்லாம் வாங்கிக் கொடுத்து, பஃபலோவின் பின்சக்கரத்தைப் பிரித்துப் பூட்டப் பழகிவரவும் அனுப்பினோம். வாரம் ஒரு நாள் பள்ளிக்கு வருவார், பிள்ளைகள் வரிசையில் நிறுத்திய சைக்கிளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார், ஒரு ரிப்பேருக்கு இவ்வளவு என்று எங்கள் கணக்கிலிருந்து கூலி. பஞ்சர் ஒட்டுவதை இப்போது ஆறேழு பெண்கள் தாங்களே செய்கிறார்கள்.

பெற்றோரிடம் டெர்முக்கு 15 குவாச்சா (ஜாம்பியப் பணம்) வாங்குகிறோம். இதற்கு எங்களுக்குள் பெரிய எதிர்ப்பு இருந்தது, ஏழைகளிடம் காசு வாங்குவதா என்று. நான் அந்தத் தெற்கு மாகாண ஆய்வைத்தான் எடுத்துக் காட்டினேன். அதில் ஒரு பிரிவுக் குடும்பங்கள் உதிரிப்பாகத்துக்கு ஒரு சின்னத் தொகை கொடுத்தன, இன்னொரு பிரிவுக்கு எல்லாமே இலவசம். காசு கொடுத்த வீட்டுப் பெண்கள்தான் தங்கள் எதிர்காலம் பற்றிப் பெரிதாக யோசித்தார்கள், கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்றும் சொன்னார்கள். எங்கள் ஊரில் நான் கண்ணால் பார்த்தது இதைவிடச் சின்னது. 15 குவாச்சா கொடுத்த அப்பா, செயின் லூசானால் மறுநாளே வந்து மெக்கானிக்கைக் கேட்கிறார். காசில்லாத ஒருவர் ஒரு பை நிலக்கடலை கொண்டுவந்தார், மெக்கானிக் அதைக் கூலியில் கழித்துக்கொண்டார்.

சைக்கிள் இரண்டு வருடம் பள்ளிக்குச் சொந்தம், ஒழுங்காக வந்தால் அப்புறம் அந்தப் பெண்ணுக்கே என்று அப்பா, ஊர்த் தலைவர், தலைமை ஆசிரியை மூவரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று உண்டு. வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் செய்வதைப் பார்த்துச் செய்ததுதான். சனிக்கிழமை வீட்டு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது நாங்களாகச் சேர்த்தது. அதைத் தடுத்தால் திருட்டுத்தனமாக எடுப்பார்கள், உடைந்தால் சொல்ல மாட்டார்கள்.

வருகைப் பதிவேட்டைப் போன மாதம் தலைமை ஆசிரியையோடு உட்கார்ந்து பார்த்தேன். பதினான்கு பேரில் பதினோரு பேருக்கு வராத நாட்கள் நன்றாகக் குறைந்திருக்கின்றன. மற்ற மூவரில் ஒருத்திக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, சைக்கிள் அதைத் தடுக்கவில்லை. பதினான்கு பேர், ஒரே பள்ளி, இரண்டு வருடம். இதை வைத்து மதிப்பெண் ஏறியது என்றோ, எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்றோ நான் சொல்ல முடியாது. சைக்கிள் ஐந்து வருடம் வரும் என்று நம்புகிறேன், எங்களுடையது பாதி தூரம்கூடப் போகவில்லை. மழைக்காலத்தில் ஓடை நிறைந்துவிட்டால் சைக்கிளும் இக்கரையில்தான் நிற்கும். மூன்று கிலோமீட்டருக்குள் வீடிருக்கும் பிள்ளைக்கு இது தேவையே இல்லை.

2024 என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. மழை பொய்த்து, பிப்ரவரி 29ஆம் தேதி அதிபர் ஹிச்சிலேமா தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். அறுவடை வீட்டுக்கு வரவே இல்லை. வயிற்றில் ஒன்றுமில்லாமல் 23 கிலோ சைக்கிளை மணலில் எப்படி மிதிப்பது? அந்த வருடக் கடைசியில் எங்கள் நாலு குடும்பத்தில் ஒன்று ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டது, வரவில் கால்வாசி போயிற்று. இருந்ததைத் திரட்டி 2025 ஜனவரியில் மாவு வாங்கிக் கஞ்சி ஆரம்பித்தோம். அந்தப் பத்து வாரம் பள்ளி நிறைந்து வழிந்தது. சைக்கிள் இல்லாத பிள்ளைகள், ஐந்து வயதுத் தம்பி தங்கைகள், எல்லாரும். அந்தச் சமயத்தில் யார் கேட்டிருந்தாலும் கஞ்சிதான் என்று சொல்லியிருப்பேன்.

பதினோராவது வாரம் பணம் தீர்ந்தது. நிறுத்திவிட்டோம் என்று வெள்ளிக்கிழமையே சொல்லியாயிற்று. திங்கள்கிழமை காலையிலும் சின்னப் பிள்ளைகள் பலர் கோப்பையோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று தலைமை ஆசிரியை போனில் சொன்னார். அதே திங்கள்கிழமை சைக்கிள்கள் வந்துவிட்டன. எங்கள் பணம் அந்த வாரம் அவற்றுக்கு ஒரு குவாச்சாகூடப் போகவில்லை.

அதனால்தான் எங்களைப் போன்ற சின்னக் குழு, நாளைக்கு யார் எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாதவர்கள், சைக்கிள் பக்கம் போகலாம் என்கிறேன். கஞ்சிதான் மனசுக்குப் பிடிக்கிறது என்றால் தனியாக அடுப்பு மூட்ட வேண்டாம், வருடக்கணக்கில் தொடர்ந்து போடும் அமைப்பிடம் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் மீதி மூன்று குடும்பமும் இப்போது அப்படித்தான் ஒரு சிறு பங்கைக் கொடுக்கிறோம். மெக்கானிக் இந்த டெர்முக்கு முப்பது டியூப்பும் நாலு பின் டயரும் கேட்டிருக்கிறார், சனிக்கிழமை பெட்டவுக்கே போகும் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும்.