உமி புளோவரில் காந்தத்தடை மோட்டர்: ஐந்து ஆண்டுப் பாவனை

சம்மாந்துறையிலுள்ள எங்கள் அரிசி ஆலையில் உமியை இழுத்து வெளியே தள்ளும் புளோவருக்கு இருந்த 15 கிலோவாற்று தூண்டல் மோட்டரின் கொயில் மூன்றாவது முறையும் எரிந்தபோது, அதன் இடத்தில் அதே அளவுள்ள ஒத்தியங்கு காந்தத்தடை மோட்டர் ஒன்றைப் பூட்டினோம். அது இன்றுவரை ஐந்து மாரிப் போகங்களின் நெல்லைக் கண்டுவிட்டது.

முதல் மாதக் கட்டணச் சிட்டையில் எதிர்பார்த்த குறைவு தென்படவில்லை. காரணம் மோட்டரல்ல, கப்பி. பழைய மோட்டர் நிமிடத்துக்கு 1460 சுற்றில் ஓடியது. புதியது வழுக்கலின்றி, அதாவது சுழலும் காந்தப்புலத்துக்குப் பின்தங்காமல், 50 ஹேர்ட்சில் சரியாக 1500 சுற்றில் ஓடுகிறது. புளோவருக்கு வேண்டிய வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், பழைய கப்பியுடனேயே சுமை ஏறத்தாழ 8 சதவீதம் கூடிவிட்டது. மோட்டருக்குப் போகும் மின்னின் மீடிறனை மாற்றித் தரும் டிரைவில் அதை 48.7 ஹேர்ட்சுக்கு இறக்கிய பின்னரே சேமிப்பு கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றாம் ஆண்டில் பெயாரிங் இரைச்சலிட்டதால் கழற்றியபோதுதான் றோட்டரை முழுமையாகப் பார்த்தேன். அதில் செப்பும் இல்லை, காந்தமும் இல்லை. மெல்லிய உருக்குத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தகட்டிலும், பாதியாக வெட்டிய வெங்காயத்தின் அடுக்குகளைப் போல வளைந்த துளைகள் வரிசையாக உள்ளன. துளைகளுக்கு இடைப்பட்ட உருக்கு வழியே காந்தப் பாயம் எளிதாகச் செல்லும். துளைகளைக் குறுக்கே கடப்பது அதற்குக் கடினம். இவ்விரு திசைகளுக்கும் இடையிலான இந்த வேறுபாடே (தூண்டுதிறன் வேறுபாடு) றோட்டரைச் சுழற்றும் முறுக்கத்தைத் தருகிறது. துளைகளின் ஓரத்தில் தகட்டைப் பிணைத்து வைத்திருக்கும் ஒடுங்கிய பாலங்களில்தான் வடிவமைப்பாளரின் சங்கடம் இருக்கிறது: தடித்தால் பாயம் அவற்றினூடே வீணாகக் கசியும், மெலிந்தால் வேகத்தில் றோட்டர் தாங்காது. றோட்டரில் மின்னோட்ட இழப்பு இல்லாததால், முன்னர் கை வைக்க முடியாதிருந்த மோட்டர் உடலில் இப்போது நண்பகலிலும் உள்ளங்கையை ஊன்றி நிற்கலாம்.

பெயாரிங்கின் உள்வளையத்தில் சீரான இடைவெளியில் குறுக்குக் கோடுகள் விழுந்திருந்தன. டிரைவினால் உண்டாகி, மோட்டரின் அச்சு வழியே பெயாரிங்கினூடாகப் பாயும் மின்னோட்டத்தின் வேலை அது. பொருத்தியவர் கவசமிட்ட கேபிளைப் போடாமல் விட்டிருந்தார். அவர் செய்த இன்னொரு தவறு, டிரைவைக் கிலோவாற்றுக் கணக்கில் தெரிவுசெய்தது. இவ்வகை மோட்டரின் வலுக் காரணி (இழுக்கும் மின்னில் உண்மையான வேலைக்குப் பயன்படும் பங்கு) குறைவாதலால் அதே வலுவுக்குக் கூடுதல் அம்பியர் தேவைப்படும். ஆகவே மோட்டரின் பெயர்த்தகட்டிலுள்ள அம்பியரைப் பார்த்தே டிரைவைத் தெரிவுசெய்ய வேண்டும். நெல் ஈரமாக வந்த நாட்களில் முதல் டிரைவ் அடிக்கடி நின்றதற்கு இதுவே காரணம்.

கொஸ்ட்கோ என்ற பொறியியலாளர் இவ்வகை மோட்டரைப் பற்றி 1923 இலேயே எழுதிவிட்டார். ஆனால் மலிவான டிரைவ் இல்லாத காலத்தில் அதனால் ஆலைக்காரருக்குப் பயன் இருக்கவில்லை. இன்றும் இந்த மோட்டரை டிரைவ் இல்லாமல் நேரடியாக லைனில் கொடுத்து ஓட்ட முடியாது. கடந்த அறுவடையின் உச்சத்தில் டிரைவின் பலகை பழுதாகி, மாற்றுப் பலகை கொழும்பிலிருந்து வர ஒன்பது நாட்கள் எடுத்தன. அந்த ஒன்பது நாட்களும் புளோவரை ஓட்டியது, கொயில் சுற்றிச் சாக்குகளுக்குப் பின்னால் வைத்திருந்த பழைய தூண்டல் மோட்டர்தான்.