வாழ்க்கை இலக்குகளை எழுதிவைக்க ஒரு புள்ளி நோட்டு: லாய்க்ட்டூர்ம்1917 ஏ5

இலக்கு எழுதுவதற்கென்றே அச்சடித்த பிளானர்கள் இரண்டு மூன்று மாதத்தில் மூலைக்குப் போவதற்குக் காரணம் அவற்றின் கட்டங்கள்தான். இன்றைய மனநிலை, மூன்று நன்றிகள், எத்தனை டம்ளர் தண்ணீர் என்று நாளுக்கு ஒரு பக்கம். நான்கு நாள் விட்டுப்போனால் நான்கு பக்கம் காலியாகக் கிடக்கும்; ஐந்தாம் நாள் திறக்கவே மனம் வராது. எளிமையாக வாழ்ந்து, எழுத்தோ ஓவியமோ ஏதாவது ஒன்றைத் தொடர்ந்து செய்ய நினைப்பவருக்குத் தேதி போடாத புள்ளி நோட்டு (கோட்டுக்குப் பதில் சின்னப் புள்ளிகள் அச்சடித்தது) போதும். அந்த வகையில் லாய்க்ட்டூர்ம்1917 என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஏ5 நோட்டை முதலில் சொல்வேன். அதன் பக்க எண்களுக்காகவே சொல்வேன்.

கெட்டி அட்டை, 145 × 210 மி.மீ. அளவு, 251 பக்கம். எல்லாப் பக்கத்திலும் எண் அச்சாகியிருக்கும். முன்னால் பொருளடக்கம் எழுத இடம் உண்டு. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் எழுதிய இலக்கைத் திரும்பப் போய்ப் பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "ஓவியம்: 8, 62, 118" என்று முன்பக்கத்தில் ஒரு வரி இருந்தால் ஆறு மாதம் கழித்தும் நொடியில் எடுத்துவிடலாம். ரிப்பன்கள் இரண்டு, ஒன்றை நடப்பு வாரத்திலும் மற்றதை நடப்பு இலக்குப் பக்கத்திலும் போட்டுவையுங்கள். நூல் தைத்த கட்டு என்பதால் மேசையில் தட்டையாக விரியும். புதிதில் முன்பக்கங்கள் விறைப்பாக எழும்பி நிற்கும். முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாறி மாறி விரித்து, தையலோரம் விரலால் நீவிவிட்டால் சரியாகிவிடும்.

தாளின் கனம் சதுர மீட்டருக்கு 80 கிராம். ஜெல் பேனாவும் பால்பாயிண்டும் சுத்தமாக எழுதும். மைப்பேனாவில் எழுதினால் மறுபக்கம் நிழல் தெரியும், மை காயவும் கொஞ்ச நேரம் பிடிக்கும். இடதுகைக்காரர்கள் மெல்லிய நிப் வைத்துக்கொள்வது நல்லது. ஆல்கஹால் மார்க்கர் ஊறி அடுத்த தாளுக்கும் இறங்கும். வாட்டர்கலருக்குத் தாள் நெளியும், அதற்கு இது ஆகாது.

இனி இலக்கு எழுதும் விதம். மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரெதிர் இரண்டு பக்கம், காலம் 13 வாரம். "ஓவியத்தில் தேற வேண்டும்" என்று எழுதினால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிபார்க்க ஒன்றும் இருக்காது. "வாரம் மூன்று முறை, 20 நிமிடம், கைகளை மட்டும் பார்த்து வரைவது" என்று எழுதினால் 13 வாரத்தில் 39 படம். எண்ணிப் பார்க்கலாம். இடதுபக்கம் இந்த வாக்கியம், ஏன் வேண்டும் என்று ஒரு வரி. அதன் கீழே மிக முக்கியமான வரி: இதற்காக எதை விடுகிறேன்? வாரம் ஒரு மணி நேரம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். எந்த நாள், எந்த வேலையைக் குறைத்து என்று எழுதாத இலக்கு இரண்டாம் வாரமே நின்றுவிடும். வலதுபக்கம் வாரத்துக்கு ஒரு வரிசை. புள்ளி இடைவெளி 5 மி.மீ.; வரிசைக்கு இரண்டு இடைவெளி கொடுத்தால் 13 வரிசைக்கு 130 மி.மீ. ஆகும். மிச்ச இடம் காலாண்டு முடிவில் எழுதும் குறிப்புக்கு.

மாத டிராக்கர், அதாவது பழக்கங்களை நாள்தோறும் டிக் அடிக்கும் அட்டவணை, போடுபவர்கள் 31 நாளைக் குறுக்கே எழுத ஆரம்பித்து 26, 27இல் முட்டிக்கொள்வார்கள். 145 மி.மீ. அகலத்தில் 29 கட்டத்துக்கு மேல் வர வழியே இல்லை. தேதிகளை மேலிருந்து கீழாக எழுதுங்கள், தாராளமாக வரும். பழக்கங்கள் நான்கைந்து போதும். பதினைந்து பழக்கம் எழுதினால் டிக் அடிப்பதே தனி வேலையாகிவிடும். வரையவோ எழுதவோ இருந்த பொழுது அதிலேயே போகும். கோடு போட்டு, வண்ணம் தீட்டி, ஸ்டிக்கர் ஒட்டி அலங்கரிப்பதும் அப்படித்தான். பிடித்தால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் அதை இலக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வருடத்துக்கு ஒரு நோட்டு போதும். வாரத்துக்கு 2 பக்கம் வைத்தால் 104, மாதத்துக்கு 2 வைத்தால் 24, மூன்று இலக்குக்கும் நான்கு காலாண்டுக்குமாக 24. மொத்தம் 152 போக 99 பக்கம் மிச்சம். அதில் திட்டம் எதையும் எழுதாமல் கிறுக்கல், பாதிக் கவிதை, வடிவம் வராத யோசனை எல்லாவற்றுக்கும் விட்டுவிடுங்கள். வாரக்கடைசியில் பத்து நிமிடம் உட்கார்ந்து எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று ஒவ்வொரு வரி எழுதினால் போதும். ஒரே வேலை மூன்று வாரம் தொடர்ந்து தள்ளிப்போனால் அதைச் சிறிதாக்குங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள். நான்காம் முறை அப்படியே எடுத்து எழுத வேண்டாம்.

மைப்பேனாவை விட மனமில்லாதவர்கள் இதே நிறுவனத்தின் 120 கிராம் தாள் பதிப்பை வாங்கலாம். நிழல் வெகுவாகக் குறையும். அதில் 203 பக்கம்தான், கனமும் கொஞ்சம் கூடுதல். மேலே சொன்ன கணக்கு அதில் 51 பக்கத்தைத்தான் மிச்சம் வைக்கும் என்பதால் வாரத்துக்கு ஒரே பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 103 பக்கம் கையில் நிற்கும்.