லேத்துக்குக் குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட்: மலையகப் பட்டறையில் சில வருட அனுபவம்

லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் வெட்டும் டூலைப் பிடித்திருக்கும் பாகம்தான் டூல் போஸ்ட். ஒவ்வொரு டூலையும் தனித்தனி ஹோல்டரில் பொருத்தி, ஹோல்டரோடு சட்டென்று மாற்ற முடிந்தால் அது குயிக் சேஞ்ச் வகை. அதை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் லேத்துக்கு என்ன வேலை வருகிறது என்பதைத்தான். ஒரே பாகத்தை நூற்றுக்கணக்கில் கடையும் இடமென்றால் நாலு பக்கமும் நாலு டூலை நேரடியாக இறுக்கும் பழைய நான்குமுகப் போஸ்ட்டே போதும். நாலு டூலையும் ஒரு தடவை செட் பண்ணிவிட்டுத் திருப்பித் திருப்பி ஓட்டலாம்.

ஹட்டன் பக்கத்தில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு அப்படிப்பட்ட வேலை வருவதில்லை. தேயிலை பெக்டரி ரோலரின் கன்மெட்டல் புஷ், கொழுந்து வாட்டும் தொட்டியின் மின்விசிறி ஷாஃப்ட், டிரையரின் புல்லி (கப்பி) என்று ஒவ்வொன்றாகத்தான் வரும். வாடப் போட்ட கொழுந்து 12 முதல் 18 மணி நேரத்துக்குள் ரோலருக்குப் போயாக வேண்டும். ரோலர் நின்றுவிட்டால் டீமேக்கர் ஐயா ராத்திரி என்றும் பார்க்காமல் ஆள் அனுப்புவார். ஒரு புஷ் செய்யவே ஃபேசிங் (முகத்தைச் சமப்படுத்தல்), டர்னிங் (வெளிப்புறம் கடைதல்), போரிங் (துளையைப் பெரிதாக்கல்), பார்ட்டிங் (வெட்டிப் பிரித்தல்) என்று டூல் மாறிக்கொண்டே இருக்கும்.

பெயரில் குயிக் என்று இருப்பதால் வேகத்துக்காகத்தான் இதை வாங்குகிறார்கள். எனக்குப் பெரிய நன்மையாகத் தெரிவது உயரம்தான். டூலின் நுனி சென்டர் உயரத்தில், அதாவது வேலை சுழலும் அச்சின் மட்டத்தில், நிற்க வேண்டும். பழைய போஸ்ட்டில் அதற்காக ஹாக்சா பிளேட் துண்டும் தகரத் துண்டும் அடியில் வைத்துக்கொண்டே இருப்போம். எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) டூலைத் தீட்டத் தீட்ட நுனி இறங்கும், மறுபடியும் துண்டு தேட வேண்டும். இதிலோ ஹோல்டரின் மேலிருக்கும் நட்டைத் திருகி உயரத்தைச் சரிபார்த்து, லாக் நட்டை இறுக்கினால் முடிந்தது. கழற்றி மாட்டினாலும் அதே உயரத்தில் வந்து உட்காரும். டூலை மறுபடி தீட்டும்வரை அந்த நட்டைத் தொட வேண்டியதில்லை.

சைஸ்தான் பலருக்கும் குழப்பம். ஏ.எக்ஸ்.ஏ. என்றால் 100 வரிசை, பி.எக்ஸ்.ஏ. 200, சி.எக்ஸ்.ஏ. 300. ஏறத்தாழ 9 முதல் 12 அங்குல ஸ்விங்குக்கு (லேத்தில் சுழலக்கூடிய மிகப் பெரிய விட்டம்) முதலாவது, 10 முதல் 15 வரை இரண்டாவது, 13 முதல் 18 வரை மூன்றாவது என்று விற்பவர்கள் சொல்வார்கள். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைப் பாருங்கள். ஸ்விங்கை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சக் பக்கம் கூர்முனைச் சென்டர் ஒன்றை மாட்டி, போஸ்ட் உட்காரும் டாப் ஸ்லைடின் மேல்முகத்திலிருந்து சென்டர் முனை வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஹோல்டரை முழுக்க இறக்கிய நிலையில் அதன் தரையின் உயரமும் டூலின் தடிமனும் சேர்ந்து அந்த அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எவ்வளவு நல்ல போஸ்ட்டானாலும் உங்கள் லேத்துக்கு ஆகாது. எங்களுடையது 13 அங்குல ஸ்விங் உள்ள பழைய இங்கிலாந்து லேத், ஒரு தோட்டத்து பெக்டரியிலிருந்து வந்தது. அதற்கு பி.எக்ஸ்.ஏ. சரியாக அமைந்தது. 5/8 அங்குல டூல் தாராளமாக உட்காருகிறது.

அடுத்தது வெட்ஜா, பிஸ்டனா. பிஸ்டன் வகையில் உள்ளிருந்து ஒரு உருளை ஹோல்டரை வெளியே தள்ளி டவ்டெயிலில் (புறாவால் வடிவில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பள்ளம்) நெருக்கிப் பிடிக்கும். வெட்ஜ் வகை, ஹோல்டரைப் போஸ்ட்டின் முகத்தோடு இழுத்துச் சேர்க்கும். விலை கூடினாலும் வெட்ஜைத்தான் சொல்வேன். பார்ட்டிங் பண்ணும்போது அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். கழற்றி மாட்டிய பிறகு விட்டத்தில் வரும் மாற்றம் எங்களிடம் 0.001 அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. டவ்டெயிலில் தூசு இல்லாமல் இருந்தால்தான் இது. வார்ப்பிரும்பு கடைந்த நாளில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசை மாதிரி ஒட்டும், துடைக்காமல் மாட்டவே கூடாது.

போஸ்ட்டை ஸ்லைடோடு பிடித்துவைக்கும் டி-நட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் வெறும் கட்டையாகத்தான் வரும், உங்கள் ஸ்லைடின் பள்ளத்துக்கு ஏற்ப நீங்களே வெட்டிக்கொள்ள வேண்டும். மில்லிங் மெஷின் இல்லையென்றால் நாலு ஜா சக்கில் பிடித்து ஃபேசிங் செய்தே முடிக்கலாம். நட்டின் மேல்முகம் ஸ்லைடின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போஸ்ட் இறுகாது. ஸ்டட் நட்டைத் தாண்டிப் பள்ளத்தின் அடியை முட்டினால் இறுக்க இறுக்க டி பள்ளத்தின் உதடு மேலே தள்ளப்பட்டு உடையும். வார்ப்பிரும்பு உடைந்தால் ஸ்லைடே போச்சு. நட்டின் அடியில் உள்ள கடைசி மரையை சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டி நசுக்கிவிட்டால் ஸ்டட் அதற்குக் கீழே போகாது.

குறையும் உண்டு. டூல் போஸ்ட்டின் நடுவிலிருந்து வெளியே தள்ளி நிற்கிறது. எங்கள் ஸ்லைடு தேய்ந்தது என்பதால் கனமான வெட்டில் அதிர்வு வரும். ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் ஜிப் தகட்டை இறுக்கி, டூலை உள்ளே இழுத்து வைத்தால் குறையும். சாவிப் பள்ளம் உள்ள ஷாஃப்டைக் கனமாகக் கடையும்போது எங்கள் மூத்த பாஸ் இன்றைக்கும் நான்குமுகப் போஸ்ட்டைத்தான் எடுத்து மாட்டுவார். அவர் செய்வது சரி.

ஹோல்டருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். செட்டோடு வரும் ஹோல்டர்கள் சீக்கிரமே போதாமல் போகும், ஒவ்வொரு முறையும் டூலைக் கழற்றி மாற்றினால் உயரம் நிற்கும் நன்மையே இல்லை. 2022 மார்ச்சில் ரூபாய் சரிந்து, 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டாலர் சில வாரங்களிலேயே 300ஐத் தாண்டியபோது ஹோல்டர் வாங்குவதையே தள்ளிப்போட்டோம். பிறகு வேறு இடத்தில் எடுத்த சில, டவ்டெயில் இறுக்கமாக வந்து போஸ்ட்டில் இறங்கவே இல்லை. கொழும்பில் கடைக்குப் போனால் உங்கள் பழைய ஹோல்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், புதியதன் டவ்டெயிலோடு ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

மழைக்காலத்தில் இங்கே மூட்டம் பட்டறைக்குள்ளேயே வந்துவிடும். ஹோல்டரின் கறுப்புப் பூச்சு துருவைத் தாங்காது. சாயங்காலம் மூடும்முன் டவ்டெயிலிலும் நட்டின் மரையிலும் எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவிவிடுவோம். ஈரம் பிடிக்கும் மரப்பலகையில் வைக்காமல் ஆங்கிள் இரும்பில் வரிசையாக மாட்டிவைக்கிறோம்.

இப்போது தொடங்குபவர் என்றால் டர்னிங்குக்குச் சாதா ஹோல்டர் மூன்று, போரிங் பாருக்கு ஒன்று, பார்ட்டிங் பிளேடுக்கு ஒன்று எடுங்கள். பிடிக்குச் சொரசொரப்பு வரி போடும் நர்லிங் ஹோல்டர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.