அரசு இன்சூரன்ஸ் எடுத்துக்குற ஜெனரல் மெடிசின் டாக்டர் ஒருவழியா கெடச்சாங்க

அம்மாவுக்கு சுகர், பிரஷர், தைராய்டு மூணும் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஸ்பெஷலிஸ்ட்ட பாக்க அலைய முடியலன்னுதான் எல்லாத்தையும் சேத்து பாக்குற ஜெனரல் மெடிசின் டாக்டரா தேட ஆரம்பிச்சேன். இன்சூரன்ஸ் லிஸ்ட்ல இருந்த பாதி டாக்டர் நம்பர் வேலையே செய்யல, ஒரு கிளினிக்ல கார்டு எடுப்போம் ஆனா புது பேஷண்ட் பாக்குறதில்லன்னுட்டாங்க, மனசே விட்டுப்போச்சு. அதனால போன்லயே ரெண்டையும் தனித்தனியா கேட்டுருங்க, அவங்க எழுதித்தர்ற பிளட் டெஸ்ட் எந்த லேப்ல கவர் ஆகும்னும் கேளுங்க, இல்லன்னா லேப் பில் நம்ம தலைல விழும்.

இப்ப பாக்குற டாக்டர் தங்கமானவங்க. உள்ள போன உடனேயே பிரஷர் பாத்துடல, அம்மாவ 5 நிமிஷம் சாஞ்சு உக்கார வச்சு, கால தரைல ஊனி கைய மேஜைல நெஞ்சு உயரத்துக்கு வச்சு, பேசாதீங்கம்மான்னு சொல்லிட்டு ரெண்டு தடவ பாத்தாங்க. அப்புறம் நாங்க கொண்டுபோன மாத்திரையெல்லாம் மேஜைல பரப்பி ஒவ்வொண்ணா எப்ப போடுறீங்கன்னு கேட்டாங்க, அப்பதான் தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் அம்மா ஒண்ணா முழுங்குறது தெரிஞ்சுது. அப்படி போட்டா தைராய்டு மாத்திரை உடம்புல சரியா சேராதாம், 4 மணி நேரமாவது இடைவெளி வேணுமாம். இத்தன வருஷத்துல யாருமே இதக் கேக்கல!

ஒரே கொற, வெயிட்டிங் ரொம்ப அதிகம், சாப்பிட்டுட்டே போங்க. அடுத்த தடவ ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டுற பிளட் டெஸ்ட்) ரிப்போர்ட்டோட வரச்சொல்லிருக்காங்க, அம்மா இப்பவே ஃபைல எடுத்து வச்சுட்டாங்க.