அம்மன் காசுகளை அரித்த ஆல்பம்: நாணயம் சேர்ப்போர் கவனத்துக்கு

தாத்தா விட்டுச்சென்ற பதினோரு அம்மன் காசுகளில் நான்கு பாழாகிவிட்டன. திருடு போகவில்லை, தொலையவும் இல்லை. அவற்றைப் பாதுகாக்கவென்று நான் பணம் கொடுத்து வாங்கிய ஆல்பமும் அதோடு வந்த திரவமுமே அவற்றைக் கெடுத்துவிட்டன.

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அந்தச் செம்புக் காசைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒருபுறம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபுறம் தெலுங்கில் 'விஜய' என்றிருக்கும். தாத்தா அவற்றைத் துணியில் முடிந்து மரப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார், அவ்வளவுதான். அந்த முடிச்சில் அத்தனை காலம் பத்திரமாக இருந்தவை ஆல்பத்தில் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 'நாணயச் சேகரிப்புத் தொகுப்பு' என்று 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். ஆல்பம், லென்ஸ், பருத்திக் கையுறை, நாணயம் கழுவும் திரவம் ஒரு புட்டி. ஆல்பத்தின் தாள்கள் 'பிவிசி அற்றவை', அதாவது பிவிசி என்ற பிளாஸ்டிக் கலக்காதவை என்று விளம்பரத்திலும் அட்டையிலும் போட்டிருந்தது. பிரித்ததும் புது மழைக்கோட்டின் வாடை அடித்தது. தாள்கள் மெத்தென்று வளைந்தன. அந்த வாடையும் மென்மையுமே பிவிசியின் அடையாளம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இந்த ஐப்பசியில் எடுத்துப் பார்த்தபோது காசுகள் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தொட்டால் பிசுபிசுப்பு, அதில் வெளிர்பச்சைக் களிம்பு. ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயின் விளிம்பிலும் பச்சை. வெள்ளியில் எப்படி என்று திகைத்தேன். அந்த ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம்தான், மீதி செம்பு. பக்கத்திலேயே இருந்த 1947ஆம் ஆண்டின் புலி போட்ட அரை ரூபாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, அது நிக்கல்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தாளைக் கொண்டுபோனேன். பிவிசி இயல்பில் விறைப்பானது, அதை வளையச் செய்ய எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள், நாளடைவில் அது கசியும், பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிவந்து செம்பைத் தின்னும் என்றார். பிறகு மொட்டைமாடியில் சோதித்தே காட்டினார். செம்புக் கம்பியை இடுக்கியால் பிடித்துச் சிவக்கக் காய்ச்சி, தாளின் ஓரத்தில் ஒற்றி, மறுபடி தீயில் காட்டினார். சுடர் பச்சையாக எரிந்தது. குளோரின் இருக்கிறது என்று அதற்குப் பொருள். செய்து பார்ப்பதானால் திறந்தவெளியில் செய்யுங்கள், கடுகளவு தாள் போதும், புகையை முகராதீர்கள்.

அவரைப் பார்ப்பதற்கு முன்பே இன்னொரு இழப்பு நேர்ந்துவிட்டது. களிம்பு போகட்டும் என்று தொகுப்பில் வந்த திரவத்தில் இரண்டு காசுகளை முக்கினேன். களிம்போடு பழுப்பு நிறமும் போய், உரித்த தோல்போல இளஞ்சிவப்பாக நின்றது செம்பு. நூறாண்டு பதிந்த அந்த நிறம் திரும்பி வராது. சேகரிப்போர் முதலில் பார்ப்பதே அதைத்தான். கழுவிய நாணயம் என்று தெரிந்தால் விலை சரிந்துவிடும். மற்றவற்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி ஊறவைத்தோம். தேய்க்கவே இல்லை. அது பிசுக்கைக் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அது இதற்கு உதவாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பங்கரையில் வைத்துச் செய்யக் கூடாது. பெரும்பாலானவை தப்பின. மேலும் இரண்டில் அமிலம் அரித்த குழிகள் அப்படியே இருக்கின்றன.

லென்ஸிலும் பொய். 30 மடங்கு என்று பொறித்திருந்தது. 30 மடங்கு காட்டும் லென்ஸை நாணயத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வைத்தால்தான் உருவம் தெளியும். இதுவோ இரண்டரை சென்டிமீட்டரில் தெளிகிறது. அப்படியானால் பத்து மடங்குதான். நாணயம் பார்க்கப் பத்து மடங்கு போதும், ஆனால் முப்பதுக்கான விலையை வாங்கியிருக்கிறார்கள்.

விற்பனையாளர் முதலில் "நீங்கள் வெயிலில் வைத்திருப்பீர்கள்" என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு ஆல்பத்தின் விலையைத் திருப்பித் தந்தார். காசுகளுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அதே தொகுப்பு இன்றும் அதே வாசகத்தோடு விற்பனையில் இருக்கிறது.

இப்போது என் செம்பும் வெள்ளியும் மைலார் என்ற பாலியஸ்டர் தாளால் சன்னல் வைத்த அட்டைகளில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் இருக்கின்றன. வாங்கும்போது பொருளின் பெயரைக் கேளுங்கள்: மைலார், பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் என்றால் சரி. வெறும் 'நல்ல பிளாஸ்டிக்' என்றால் வாங்க வேண்டாம். மெத்தென்ற, வாடையடிக்கும் ஆல்பம் உங்கள் வீட்டில் இருந்தால் செம்புக் காசுகளை இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.