பிளான் படிக்கப் பழக எது தோது: மைஎஸ்க்யூஎல்லா, எஸ்க்யூஎல் சர்வரா, போஸ்ட்கிரெஸ்ஸா?

எங்கள் பெங்களூரு அலுவலகத்துக்குக் கல்லூரி முடித்த கையோடு வருகிறவர்களில் திருச்சி, கோவைப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய. குவெரி நன்றாகவே எழுதுவார்கள். அது ஏன் இழுக்கிறது என்று கேட்டால் மட்டும், "இன்னொரு இண்டெக்ஸ் போட்டுப் பார்க்கவாண்ணா?" என்பதுதான் முதல் பதில் (இண்டெக்ஸ் என்பது ரோக்களைச் சட்டென்று தேடித்தரும் பட்டியல்). பிளான், அதாவது ஒரு குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று டேட்டாபேஸ் போடும் திட்டம், அதைப் படிக்கச் சொல்லித்தரும் வேலை என் தலையில் விழுந்தபோது நான் போஸ்ட்கிரெஸ்ஸை எடுத்தேன். எது உயர்ந்த டேட்டாபேஸ் என்ற சண்டைக்குள் போகவில்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு எந்தப் பிளான் வாய் திறந்து பேசுகிறது என்பதுதான் கேள்வி.

மூன்றையும் காசில்லாமல் லேப்டாப்பில் போட்டுப் பழகலாம். முழு டேபிளையும் துழாவுகிறதா, இண்டெக்ஸ் வழியாகப் போகிறதா என்பது மூன்றிலும் தெரிந்துவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரில் என் பழக்கம் குறைவு, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அதன் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ என்ற கருவியில் கன்ட்ரோல்-எம் அழுத்திவிட்டு குவெரியை ஓட்டினால் பிளான் படமாக வரும். தரவு வலமிருந்து இடமாக ஓடும். அம்பு தடிமனாக இருந்தால் ரோக்கள் அதிகம். பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் இருக்கும் காஸ்ட் (செலவு) சதவீதம், குவெரி நிஜமாக ஓடிய பிறகும் மதிப்பீடாகவே இருக்கும். புதியவர்கள் நேராக அந்தச் சதவீதத்தைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான எக்ஸ்ப்ளெயின் (பிளானைக் காட்டும் கட்டளை) தருவது 12 கட்டங்கள் கொண்ட அட்டவணை. ஒரு டேபிளுக்கு ஒரு வரி. 'டைப்' கட்டத்தில் 'ஆல்' என்றிருந்தால் முழு டேபிள், 'ரெஃப்' என்றிருந்தால் இண்டெக்ஸில் தேடல். 'இண்டெக்ஸ்' என்றிருந்தால் இண்டெக்ஸ் முழுவதையும் தலையிலிருந்து கால்வரை படிக்கிறது என்று பொருள், சந்தோஷப்பட ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் இவ்வளவும் புரிந்துவிடும். சின்னக் குவெரிகளுக்கு இதுவே தாராளம்.

பிறகு ஏன் போஸ்ட்கிரெஸ்? ஒரே காரணம்தான்: எத்தனை ரோ வரும் என்று பிளானர் (பிளானைப் போடும் பகுதி) நினைத்ததும், உண்மையில் எத்தனை வந்தன என்பதும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மெதுவான குவெரிகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் கோளாறு தொடங்குவது இந்த இரண்டு எண்களும் பிரியும் இடத்தில்தான்.

ஓர் உதாரணம். வாடிக்கையாளர் டேபிளில் 10 லட்சம் பேர், அதில் ஒரு லட்சம் பேர் பெங்களூரு, அல்சூரின் 560008 பின்கோடில் 2,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஊர் பெங்களூரு, பின்கோடு 560008 என இரண்டு நிபந்தனையும் கொடுத்து, ஆர்டர் டேபிளோடு ஜாயின் செய்கிறோம். 560008 என்றாலே பெங்களூருதான் என்பது நமக்குத் தெரியும், பிளானருக்குத் தெரியாது. பத்தில் ஒன்று, ஐந்நூறில் ஒன்று என்று இரண்டையும் பெருக்கி 200 பேர் என்று முடிவுகட்டிவிடும். 200 பேர்தானே என்று நெஸ்டட் லூப்பை (ஒவ்வொருவருக்கும் ஒருமுறை ஆர்டர் டேபிளில் தேடும் முறை) கையில் எடுக்கும். வருவதோ 2,000.

போஸ்ட்கிரெஸ்ஸில் குவெரியை ஓட்டியே பிளானைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டால் ஒரே வரியில் முதல் அடைப்புக்குறிக்குள் 200, அடுத்ததில் 2,000 என்று நிற்கும். பார்த்தவுடன் கண்ணில் குத்தும். மருந்தும் உண்டு: இரண்டு ஃபீல்டுக்கும் சேர்த்து கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டு அனலைஸ் (இது டேபிளின் புள்ளிவிவரம் திரட்டும் தனிக் கட்டளை) ஓட்டினால், ஊரும் பின்கோடும் ஒட்டிப்பிறந்தவை என்பது பிளானருக்கு விளங்கும். 10ஆம் பதிப்பிலிருந்தே இருக்கும் வசதி இது. இன்னொரு இண்டெக்ஸால் தீர்கிற பிரச்சினை அல்ல.

இதே குவெரியை, பின்கோடில் மட்டும் இண்டெக்ஸ் வைத்து, மைஎஸ்க்யூஎல் அட்டவணையில் பாருங்கள். 'ரோஸ்' கட்டத்தில் ஏறக்குறைய 2,000, 'ஃபில்டர்ட்' கட்டத்தில் 10 என்று வரும். ஊர் ஃபீல்டுக்கு இண்டெக்ஸும் ஹிஸ்டோகிராமும் (எந்த மதிப்பு எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு) இல்லாவிட்டால், அந்த 10 சதவீதம் வெறும் குத்துமதிப்பு. இரண்டையும் பெருக்கித்தான் 200 என்று புரிந்துகொள்ள வேண்டும். நிஜத்தில் எத்தனை என்பதற்கு அங்கே கட்டமே இல்லை.

போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஒரு பொறி இருக்கிறது. பிளான் கிளைவிட்ட மரம்போல வரும், அதை உள்ளே தள்ளியிருக்கும் வரியிலிருந்து வெளியே வாசிக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்லித்தருவார்கள். 'லூப்ஸ்' எண்ணைத்தான் விட்டுவிடுவார்கள். ஆர்டர் டேபிளின் வரியில் நேரம் 0.05 மில்லிசெகண்ட், ரோ 15, லூப்ஸ் 2,000 என்றிருந்தால், முதல் இரண்டும் ஒரு சுற்றுக்கான சராசரி. பெருக்கினால் 100 மில்லிசெகண்ட், 30,000 ரோ. 0.05 என்பதைப் பார்த்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போகிறவர்கள் ஏராளம்.

மைஎஸ்க்யூஎல்லிலும் 8.0.18 முதல் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் வந்துவிட்டது. அதுவும் மரம்தான், மதிப்பீடும் நிஜமும் அருகருகே வரும். அதனால் உங்கள் அலுவலகம் மைஎஸ்க்யூஎல்தான் என்றால் மாறவெல்லாம் வேண்டாம், அட்டவணையைத் தாண்டி அதற்குப் போய்விடுங்கள். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி இருந்தால் இன்னும் சுலபம்: குவெரிக்கு முன்னால் அனலைஸ் என்று போட்டால் பழைய அட்டவணையிலேயே 'ரோஸ்' பக்கத்தில் 'ஆர் ரோஸ்' என்று நிஜக் கணக்கும் வரும்.

எதில் பழகினாலும், பிளான் பார்க்க அனலைஸ் போட்டால் குவெரி உண்மையாகவே ஓடும். போஸ்ட்கிரெஸ்ஸில் அப்டேட், டெலீட்டின் பிளானைப் பார்ப்பதானால் முன்னால் பிகின், முடிந்ததும் செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் ரோல்பேக். அதையும் டெஸ்ட் டேட்டாபேஸில் செய்யுங்கள், ப்ரொடக்‌ஷனில் வேண்டாம்.